சுண்ணாம்புக்கு அடங்காத கதவு

விழுப்புரம் ஜங்ஷனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும்போதெல்லாம் ரயில் அங்கே நிற்கும், நான் சன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு டீ வாங்குவேன், டீ ஆறுவதற்குள் ஊர் பின்னால் போய்விடும். அந்த நடைமேடைக்கு வெளியே தெருக்களும் வீடுகளும் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த ஐப்பசியில்தான் முதன்முறையாகப் பெட்டியோடு இறங்கினேன். மனைவி என்னை வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் போல மாத்திரை, குடை, வேர்க்குருப் பவுடர் எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். நான் வந்த காரணம் ஒரு கதவு.

ஸ்டெல்லா என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்தவள். படிப்பு முடிந்ததும் அவள் படம் வரையப் போனாள், நான் மாமனாரின் பெயிண்ட் கடையில் உட்காரப் போனேன். அவள் திண்டிவனம் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மூன்று மாதத்துக்கு முன்னால் போன் செய்து, வெளிச்சுவரில் மழை வெயில் தாங்கிப் பத்து வருடம் நிற்க எந்தப் பெயிண்ட் நல்லது என்று கேட்டாள். என் பேச்சுக்கும் ஒரு பயன் இருக்கிறதே என்று எனக்கு ஒரே குஷி. சுவரைத் தேய், பிரைமர் அடி, காயவிடு, அதன்மேல் எனாமல் இரண்டு கோட், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அசையாது என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் டின்களைப் பார்சல் லாரியில் ஏற்றியும் விட்டேன். எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. இருக்கிற வழக்கு போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் எட்டடி உயரத்தில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஊர்த்தெருக்காரர்களின் கல்லறைகள், அந்தப் பக்கம் காலனிக்காரர்களுடையவை. ஒரே பங்கு, ஒரே கோயில், ஒரே பூசை. புதைக்கும்போது மட்டும் இரண்டு. ஸ்டெல்லாவின் அப்பா ஊர்த்தெரு, அம்மா காலனி. இருவரும் கல்யாணம் செய்துகொண்டு திண்டிவனத்தில் வாடகை வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள். அம்மா முதலில் இறந்தார், அவருடைய ஆட்கள் அந்தப் பக்கம் புதைத்தார்கள். போன வருடம் அப்பா இறந்தபோது, அவளருகே என்னை வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இறந்தார். அவருடைய தம்பி அந்தோணியும் மற்றவர்களும் கேட்கவில்லை, இந்தப் பக்கம் வைத்தார்கள். இப்போது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் முப்பதடி தூரம், ஒரு சுவர்.

போன கல்லறைத் திருநாளில் ஸ்டெல்லா அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, அதே நெருப்பை அம்மா கல்லறைக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். சுவரில் வழி கிடையாது. வாசல் வழியாக வெளியே வந்து, ரோட்டோடு போய், ஓடையைத் தாண்டி, மறுவாசல் வழியாக உள்ளே போக வேண்டும். அரைக் கிலோமீட்டர். மூன்று தடவை கிளம்பினாள், மூன்று தடவையும் காற்றில் அணைந்தது. கடைசியில் அங்கே போய் வேறு தீப்பெட்டியால் ஏற்றினாள். அந்தக் கோபத்தில்தான் இந்த வருடம் சுவரில் ஒரு கதவு வரைந்தாள். நீலக் கதவு, பாதி திறந்தது, பித்தளைத் தாழ்ப்பாள். அசல் கதவென்று நினைத்து ஓர் ஆடு முட்டிக்கொண்டது என்று சொல்கிறார்கள்.

ஆட்டுக்கு வலித்ததோ என்னவோ, அந்தோணிக்கு வலித்தது. அவர் பங்குப் பேரவைத் தலைவர். புகார் கொடுத்தார். பொதுச்சுவரைச் சேதப்படுத்தியது, மத உணர்வைப் புண்படுத்தியது என்று வழக்கு. ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், கல்லறைத் திருநாளுக்கு முன் சொந்தச் செலவில் சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அன்றைக்குக் கதவு தெரிந்தால் ஜாமீன் ரத்து. பள்ளியில் அவளை இடைநீக்கம் செய்து, மன்னிப்புக் கடிதம் கேட்டிருந்தார்கள். கடிதம் எழுத மாட்டேன், சுவரை வேண்டுமானால் அழிக்கிறேன் என்றாள். ஜெயிலுக்குப் போனால் திருநாளன்று இரண்டு கல்லறையிலும் விளக்கிருக்காது, அது ஒன்றுதான் அவள் கவலை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாள். என் கடைப் பெயர் ஒட்டிய டின்கள் அவள் வீட்டில் கிடப்பது எனக்கும் நினைவு வந்தது. அன்றே டிக்கெட் போட்டேன்.

இறங்கிய காலையில் விழுப்புரத்தில் இட்லி சாப்பிட்டேன். எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் அடுப்புப் பற்றாது. இங்கே சட்னியில் தேங்காயைத் தேடினேன், நிலக்கடலை இருந்தது. பரிமாறியவரிடம் கேட்டதற்கு மல்லாட்டைச் சட்னி என்றார், கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். நான்கு இட்லியில் என் பிறந்த மண் பற்று ஆட்டம் கண்டுவிட்டது.

திண்டிவனத்தில் இறங்கி மூங்கில் கடையில் இரண்டு ஏணி வாங்கினேன். அடுத்தவர் ஏணியில் நான் ஏறுவதில்லை, அது தொழில் தர்மம். அவற்றோடு டவுன் பஸ்ஸில் ஏறப் பார்த்தபோதுதான் தர்மம் தடுமாறியது. முன்படி வழியாக ஏணியை விட்டேன், அது பின்படி வழியாக வெளியே வந்தது. நடத்துநர் இறங்கி வந்து நிதானமாகப் பார்த்தார்.

"இன்னா சார், நாங்க இன்னா லைட்டுக் கம்பத்துக்கா போய்க்கினு இருக்கோம்? எறக்குங்க, ஜல்தி."

கடைசியில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய குட்டி யானை லாரி ஒன்றில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, இரண்டு ஏணிகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எட்டடிச் சுவருக்கு எதற்கு இரண்டு ஏணி என்று ஸ்டெல்லா கேட்டாள். ஆளுக்கொன்று என்றேன். வந்த சோர்வில் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் மக்கா என்று கூப்பிட்டுவிட்டேன், அதை வைத்து ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தாள்.

மறுநாள் அவளோடு காவல் நிலையத்துக்குப் போனேன். எஸ்.ஐ. ஏகாம்பரம் என்பவர் சாந்தமான மனிதர், சீக்கிரம் முடிய வேண்டிய கோப்பு முடியாமல் கிடக்கும் வருத்தம் முகத்தில் நிரந்தரமாக இருந்தது. நான் யார் என்று கேட்டார். பெயிண்ட் நிபுணன் என்று சொல்லிக்கொண்டேன். சொன்ன கையோடு நிபுணத்துவத்தையும் காட்டினேன். எனாமல்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, மழை பட்டால் வழிந்துவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்தால் ஒரே மதியத்தில் வேலை முடியும் என்றேன்.

அவர் உத்தரவை எடுத்து விரலை வைத்துப் படித்தார். முன்பிருந்தபடி சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றிருந்தது. அந்தோணி தம் புகாரில் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். "சுண்ணாம்புன்னு கீதுங்க. வேற எதனா அடிச்சா திரும்ப மனு போடணும். கோர்ட்டு லீவு. நீங்க சுண்ணாம்பே அடிங்க" என்றார். ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா?

சுண்ணாம்பு கரைத்து, நீலம் கலந்து, நார் மட்டையால் இரண்டு பேரும் அடித்தோம். அந்தோணி குடையோடு வந்து ஒரு கல்லறை தள்ளி நின்றார். ஒல்லியான மனிதர். அண்ணன் மகளோடு பேசி ஒரு வருடமாகிறதாம். அவரிடமும் பிரைமர் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். கல்லறைச் சுவருக்குச் சுண்ணாம்புதான், தாத்தா காலத்திலிருந்து அதுதான் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது. கதவு போயே போய்விட்டது. எனக்கே கொஞ்சம் துக்கமாக இருந்தது.

விடிந்து போய்ப் பார்த்தால் மழை பெய்து ஓய்ந்திருந்தது, கதவு திரும்பி வந்திருந்தது. முன்னைவிடப் பளபளப்பாக வேறு. என் எனாமலைப் பற்றி எனக்குள் பெருமை பொங்கியது, சுவரைப் பார்க்க வந்து நின்ற எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

புதுச் சுண்ணாம்பு ஒரு நாள் ஊற வேண்டும். சும்மா நின்று பயந்துகொண்டிருக்காதே என்று ஸ்டெல்லா என்னைத் திருவக்கரைக்கு பஸ் ஏற்றி அனுப்பினாள். அங்கே மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கின்றன. பட்டையும் தெரிகிறது, கணுவும் தெரிகிறது, தட்டினால் கல். ஒரு சின்னத் துண்டை என் கை தானாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டது. காவலாளி எங்கேயோ பார்த்துக்கொண்டே, எடுத்தால் தண்டனை உண்டு என்று பொதுவாகச் சொன்னார். எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அதன்மேல் இருந்த தூசியையும் துடைத்துவிட்டு வந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். ஸ்டெல்லாவின் பக்கத்தில் கடவுள் என்னை ஏன் நிறுத்தினார் என்று திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன்.

நான்காம் நாள் சுண்ணாம்பில் வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றினோம், உப்பும் போட்டோம். அடுத்த நாள் காலை மழை, மறுபடியும் கதவு. இதற்குள் யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். முகையூர் பக்கத்திலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். வாசலில் ஒருவர் அவித்த மல்லாட்டை விற்க ஆரம்பித்தார். ஒரு அம்மாள் கதவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அழித்தால் திரும்ப வரும் கதவு, ஆகவே இது புதுமை, கடவுள் செய்த அற்புதம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

பங்குத் தந்தை இன்னாசி அன்றைக்கு மூச்சு வாங்க வந்தார். கனத்த உடம்பு, நல்ல மனசு, அந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான். புகாரில் அவருடைய கையெழுத்தும் இருந்தது, பேரவை நீட்டிய இடத்தில் போட்டுவிட்டார். பள்ளிக்கும் அவர்தான் தாளாளர். ஆயர் இல்லத்திலிருந்து விடாமல் போன் வருகிறதாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பெயிண்டா புதுமையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பெயிண்ட்தான் சாமி, எண்ணெய்ப் பெயிண்ட் என்றேன்.

"நிச்சயமா? ஏன்னா, குத்தம்னா போலீஸ் பாத்துக்கும். புதுமைன்னா நான் ரோமாபுரி வரைக்கும் எழுதிக்கினு இருக்கணும்."

அவருக்காக நான் எழுதித் தரவும் தயார் என்றேன். அவர் ஸ்டெல்லாவிடம் போய்க் கடிதம் பற்றி மெல்ல ஆரம்பித்தார். ஒரு வரி போதும், வருந்துகிறேன் என்று எழுதினால் போதும் என்றார். அவள் அவரைக் கோபமில்லாமல் பார்த்தாள். "எங்கப்பாவ அங்க வெக்காததுக்கு யாரு சாமி வருந்தி எழுதினாங்க? அவங்க ஒரு வரி எழுதட்டும், நான் ஒரு பக்கம் எழுதித் தர்றேன்" என்றாள். இன்னாசி சாமி இரண்டு மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திருநாளன்று காலையிலேயே மூன்றாவது தடவையும் அடித்தோம். எஸ்.ஐ. பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார். மதியம் வரை சுவர் வெள்ளையாக நின்றது. ஊர்த்தெருக்காரர்கள் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்திக் கட்டுகளோடு வந்தார்கள். நான் ஒவ்வொரு மேகத்தையும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. ஒரு மணி நேரத்தில் தூறலாகக் குறைந்தபோது, சுண்ணாம்பு பால் பாலாக வழிந்து, நீலக் கதவு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா அப்பா கல்லறைப் பக்கத்தில் நின்று கதவையே பார்த்தாள். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

இன்னாசி சாமி மந்திரித்த தண்ணீர் வாளியோடு வந்து செபித்து, இந்தப் பக்கத்துக் கல்லறைகள் எல்லாவற்றுக்கும் தெளித்து முடித்தார். அடுத்தது அந்தப் பக்கம். வழக்கமாகச் சாமியார்கள் பைக்கில் உட்கார்ந்து ரோடு சுற்றிப் போவார்கள். ஆனால் ஓடை பெருகி ரோட்டை மூடிவிட்டது, இடுப்பளவு தண்ணீர் என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். சுவருக்கு அப்பால் காலனிக்காரர்கள் காத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"சாமி, எங்க பக்கம் எப்ப வருவீங்க? மெழுவத்தி கரைஞ்சிக்கினு கீதுங்க."

சாமி சுவரைப் பார்த்தார். அவருக்கு நேர் எதிரே பாதி திறந்த கதவு சொட்டச் சொட்ட நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். "உங்க ஏணி எங்க?" என்றார்.

அந்தோணி குறுக்கே வந்து, வேண்டாம் சாமி, அப்படிப் பழக்கமில்லை என்றார். "ரோட்டுல இடுப்பளவு தண்ணி. நீங்க என்னைத் தூக்கிக்கினு போறீங்களா?" என்று சாமி கேட்டார். அந்தோணி அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். உண்மையிலேயே யோசித்திருக்க வேண்டும். பிறகு நகர்ந்து நின்றார்.

ஒரு ஏணியைக் கதவின் மேலேயே சாய்த்தேன். இன்னொன்றைச் சுவருக்கு மேலே தள்ளிவிட, அந்தப் பக்கத்துக் கைகள் வாங்கிச் சாத்தின. அவ்வளவு பெரிய சாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் ஏணியில் ஏறினார். பாதியில் ஏணியின் கால் சேற்றில் வழுக்கியது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்தில் நின்ற அந்தோணி குடையை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். சாமி மேலே போய்ச் சுவரில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கி, வாளியை வாங்கி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தெளித்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் இறங்கிப் போனார்.

அப்போது ஸ்டெல்லா வந்தாள். கையில் என் கடைப் பெயர் ஒட்டிய காலி எனாமல் டின், அதற்குள் அப்பா கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்தி. காற்றும் தூறலும் டின்னைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. ஏணியடியில் வந்து நின்றாள். அந்தோணி இன்னும் ஏணியைப் பிடித்தபடியே இருந்தார். விட்டுவிட்டு அவர் போயிருக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் காலை வைத்தாள்.

"பாத்து ஏறு" என்றார் அந்தோணி. "மூணாவது படி வழுக்குது."

ஒரு வருடத்தில் சித்தப்பா அவளிடம் பேசியது அவ்வளவுதான். அவள் மூன்றாவது படியைத் தாண்டி நான்காவதில் கால் வைத்து ஏறினாள், சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்தாள். எனக்கு அங்கே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் கேட்டது.

"அணையலம்மா. எரிஞ்சிக்கினுதான் கீது."

நான் அழுதேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அவர் என் காலடியில் சுண்ணாம்போடு கிடந்த இன்னொரு டின்னை எடுத்துத் திருப்பி, கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். என் உயிர் பாதி போய்விட்டது. இந்தப் பெயிண்ட் தம் வீட்டு கேட்டுக்குத் தாங்குமா என்று கேட்டார்.

மறுநாள் குறிப்பேட்டில், உத்தரவுப்படி மூன்று முறை சுண்ணாம்பு அடிக்கப்பட்டது என்று எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. கதவு தெரிகிறதா என்ற கேள்விக்கு, மழையால் தெளிவாகப் பார்க்க இயலவில்லை என்று எழுதிக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும் முன் ஏணிகளை எடுக்கப் போனேன். அவர் தடுத்தார். "ஏணியப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்லைங்க. நான் எடுக்கச் சொல்ல முடியாது. நீங்களும் எடுக்காதீங்க" என்றார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஸ்டெல்லா தினமும் கையெழுத்துப் போடுகிறாள். மன்னிப்புக் கடிதம் இன்னும் எழுதவில்லை, ஆயர் இல்லம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் ஓவிய வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், திங்கட்கிழமை வந்துவிடு என்று இன்னாசி சாமி சொல்லியனுப்பினாராம். நான் மறுபடியும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சுவருக்குப் பெயிண்ட் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் எதற்கு என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். ஏணிகள் சுவரில் சாத்தியபடியே இருக்கின்றனவாம், இரண்டு பக்கத்து ஆட்களும் ஏறி இறங்குகிறார்களாம். ஊர்ப்பக்கத்து ஏணியில் மூன்றாவது படியை யாரோ கயிறு சுற்றி, வழுக்காதபடி இறுக்கிக் கட்டியிருக்கிறார்களாம். யார் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாள். கயிறு மட்டும் சித்தப்பா வீட்டு மாட்டுக்கயிறு என்றாள்.